வெளிநாட்டில் விமானிப் பயிற்சி: கையில் 9.4 லட்சம், மிச்சத்துக்கு வீட்டை விற்கலாமா?

ஓசூர்ப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். வயது 26, சொந்த ஊர் சாத்தூர். ஓசூரில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. பிடித்தம் போக மாதம் 38,000 கைக்கு வருகிறது. நான்கு பேர் சேர்ந்து ஓர் அறை, சாப்பாடு கம்பெனி கேன்டீனில். இப்படியே நாலு வருடம் ஓட்டி 9.4 லட்சம் சேர்த்திருக்கிறேன். இதில் ஆறு லட்சம் வைப்புநிதியில் இருக்கிறது, மீதி ஒரு சீட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்னும் ஏழு மாதத்தில் முடியும்.

சின்ன வயதிலிருந்து விமானி ஆசை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். 22 வயதில் கம்பெனி வேலையாக முதல் தடவை பெங்களூரிலிருந்து புனேவுக்குப் பறந்தேன். அன்று பிடித்தது. +2வில் கணிதம், இயற்பியல் உண்டு. கண்ணாடி போடுகிறேன், இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25.

சென்னையில் ஓர் ஏஜென்டைப் பார்த்தேன். அமெரிக்கா என்றால் 65 லட்சம், தென்னாப்பிரிக்கா என்றால் 45 லட்சம், 'எல்லாம் அடக்கம்' என்றார். பதினைந்து நாளில் 5 லட்சம் முன்பணம் கட்டினால் இடம் உறுதியாம், இல்லையென்றால் அடுத்த வருடம்தானாம். அப்பா தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப் பிள்ளை. சாத்தூரில் நாலே கால் சென்ட்டில் வீடு, அவர் பெயரில் இருக்கிறது. 'வேணும்னா வித்துருவோம்டா' என்று சாப்பிட்டுக்கொண்டே சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள். எவ்வளவு கையில் இருந்தால் கிளம்பலாம்? எந்த நாடு? கிளம்பும் முன் இங்கே என்னென்ன முடிக்க வேண்டும்?

பச்சைப்புள்ளி:

முன்பணம், நாடு எல்லாம் அப்புறம். முதலில் மெடிக்கல்.

என் மாமா மகன் ஏஜென்டிடம் பணம் கட்டி, ஊரில் எல்லோருக்கும் இனிப்பும் கொடுத்துவிட்டு மெடிக்கலுக்குப் போனான். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டினார்கள். எல்லோருக்கும் எண் தெரிந்த இடத்தில் இவனுக்கு வெறும் புள்ளி. 24 வயது வரை தனக்கு நிறக்குறைபாடு இருப்பதே அவனுக்குத் தெரியாது. கட்டிய பணத்தில் பாதிதான் திரும்பி வந்தது, அதுவும் எட்டு மாதம் அலைந்த பிறகு.

உங்கள் கண்ணாடியால் பிரச்சினை இல்லை. கண்ணாடியோடு பார்வை முழுதாக இருந்தால் போதும். முதலில் டிஜிசிஏ (விமானி லைசென்ஸ் தரும் இந்திய அரசு அமைப்பு) பட்டியலில் உள்ள மருத்துவரிடம் கிளாஸ் 2 மருத்துவச் சான்று, அதற்கு வரும் கோப்பு எண்ணை வைத்து, வேலை பார்க்கும் விமானிக்கு வேண்டிய கிளாஸ் 1. ஓசூரிலிருந்து உங்களுக்குப் பெங்களூர் விமானப்படை மருத்துவ நிலையம் பக்கம்தானே. கிளாஸ் 1 கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூட யாருக்கும் கட்டாதீர்கள்.

அம்பத்தூர்172:

தம்பி, நான் 2017 ஜனவரியில் ஃபுளோரிடா போனவன். அதற்கு முன் ஐந்து வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் சிஎன்சி மெஷின் பராமரிப்பு. உங்கள் கணக்கைப் படிக்கும்போது என் பழைய டைரியைப் படிப்பது மாதிரி இருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஏஜென்ட் சொன்ன 'எல்லாம் அடக்கம்' என்பது நீங்கள் பறக்கும் மணிநேரத்துக்கான விலை. நம் பையை ஓட்டையாக்குவது பறக்காத நாட்கள். மழை, புயல், விமானம் ரிப்பேர், தேர்வாளர் தேதி கிடைக்காதது, திரும்பி வந்து வேலைக்காகக் காத்திருப்பது எதுவும் அந்த 65 லட்சத்தில் இல்லை. என் கணக்கு தவறியதும் அங்கேதான்.

நான் போட்ட திட்டம் 34 லட்சம். சொந்தச் சேமிப்பு 16, வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கிக் கடன் 15, சித்தப்பா கொடுத்தது 3. கடைசியில் ஆனது நாற்பத்தொன்றரை. பள்ளிக்கு மட்டும் 44,000 டாலர். பதினோரு மாதம் அறை, சாப்பாடு, நாலு பேர் சேர்ந்து வாங்கிய ஓட்டைக் காருக்குப் பெட்ரோல், எல்லாம் சேர்த்து மாதம் 750 டாலர் வீதம். விசா, டிக்கெட், ஹெட்செட் ஒன்றரை லட்சத்துக்கு மேல். இந்தியா வந்து லைசென்ஸை மாற்ற ஐந்தரை. விழுந்த பள்ளத்தை அம்மாவின் 18 பவுனை அடகு வைத்தும், மிச்சத்தை நண்பர்களிடம் கைமாற்றாக வாங்கியும் மூடினேன். நகையை மீட்க நாலு வருடம் ஆனது. அந்த நாலு வருடமும் கல்யாண வீடுகளுக்கு அம்மா கவரிங் போட்டுக்கொண்டு போனார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலாம் என்று இருக்கும்.

பள்ளம் எப்படி விழுந்தது என்று சொல்கிறேன். 2017 செப்டம்பர் 10 அன்று இர்மா புயல் ஃபுளோரிடாவில் கரையேறியது. அதற்கு மூன்று நாள் முன்பே பயிற்சியாளர்கள் விமானங்களை ஜார்ஜியா பக்கம் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். விமானங்கள் திரும்பி, மின்சாரம் வந்து, பள்ளி திறக்கப் பன்னிரண்டு நாள். என் கமர்ஷியல் லைசென்ஸ் தேர்வு தேதி அதற்குள் போய்விட்டது. அங்கே தேர்வு எடுப்பவர் பள்ளி ஊழியர் கிடையாது, அரசு அங்கீகாரம் பெற்ற வெளியாள். ஆள் குறைவு, வரிசை நீளம். அடுத்த தேதி கிடைக்க ஐந்து வாரம். ஐந்து வாரம் சும்மா இருந்தால் கை மறந்துவிடும் என்று நடுவில் நாலு மணிநேரம் கூடுதலாகப் பறக்கச் சொன்னார்கள், என் காசில். எம்-1 என்ற தொழிற்பயிற்சி மாணவர் விசாவில் போய்ப் படிக்கும்போது வேலை பார்க்க அனுமதி இல்லை. 'அங்க போய் பார்ட் டைம் பாத்துக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், விசாவே போய்விடும்.

புயலை நீங்கள் தடுக்க முடியாது. ஆனால் மீட்டரைக் கொஞ்சம் அடக்கலாம். விமானத்தில் ஹாப்ஸ் மீட்டர் என்று ஒன்று இருக்கும், இன்ஜின் ஓடும் நேரத்தை, ஒரு மணிநேரத்தைப் பத்துக் கட்டமாகப் பிரித்துக் காட்டும். ஒரு கட்டம் நகர்ந்தால் ஆறு நிமிடம். அப்போது செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்துக்கு மணிக்கு 135 டாலர், ஆக ஒரு கட்டத்துக்கு ஏறக்குறைய 870 ரூபாய். ஓடுபாதை முனையில் ஆறாவது ஆளாக வரிசையில் நின்றாலும் மீட்டர் ஓடும். பயிற்சியாளர் 'மிக்ஸ்சர் எங்கே, கார்ப் ஹீட் எங்கே' என்று இன்ஜின் விசைகளைச் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்தாலும் ஓடும். அதை அங்கே போய்ப் படிக்கக் கூடாது.

நான் ஒரு காரியம் செய்தேன். 172-இன் முன்பலகைப் படத்தை இணையத்தில் எடுத்து, எங்கள் தெருமுனை ஃப்ளெக்ஸ் கடையில் அசல் அளவுக்கு அச்சடித்தேன். காதணி விழா பேனருக்கும் கட்சி பேனருக்கும் நடுவில் இது காய்ந்துகொண்டிருந்தது. 180 ரூபாய். அதை அம்மாவின் தையல் மெஷினுக்கு மேலே சுவரில் மாட்டி, எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, தினமும் இரவு அரை மணிநேரம் செக்லிஸ்ட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே படத்தைத் தொட்டுத் தொட்டுப் பழகினேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போது லைவ் ஏடிசி (விமானிகளும் கட்டுப்பாட்டுக் கோபுரமும் பேசிக்கொள்வது) ஒலிபரப்பைக் காதில் மாட்டிக்கொள்வேன். முதல் மாதம் ஒரு வார்த்தை புரியவில்லை. ஆறாவது மாதம் யார் இறங்குகிறார், யார் காத்திருக்கிறார் என்று படமே ஓடும். தெருவில் எனக்குப் 'பைலட் பைத்தியம்' என்று பெயர். ஆனால் 14 மணிநேரத்தில் என்னைத் தனியாகப் பறக்க விட்டார்கள். என் அறைத்தோழனுக்கு 31 ஆனது. அவன் என்னைவிடக் கெட்டிக்காரன், ஆனால் எல்லாவற்றையும் மீட்டர் ஓடும்போதே படித்தான்.

அடுத்து டிஜிசிஏ தாள்கள். வழிநடத்தல், வானிலை, விமானச் சட்டம், டெக்னிக்கல் என்று உண்டு, 70 சதவீதம் எடுத்தால்தான் தேர்ச்சி. வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். நான் வழிநடத்தலில் முதல் தடவை 61 எடுத்து ஊத்திக்கொண்டேன், இரண்டாவது தடவைதான் தாண்டினேன். இதை ஏன் இங்கேயே முடிக்கச் சொல்கிறேன் என்றால், லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஆறு மாதத்துக்குள் பறந்து காட்டிய தேர்வுகள் இருக்க வேண்டும். அங்கே எல்லாம் முடித்துவிட்டு வந்து இங்கே தாள்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தால் அந்த ஆறு மாதம் கரைந்துவிடும். திரும்ப விமானம் வாடகைக்கு எடுத்து எல்லாவற்றையும் பறந்து காட்ட வேண்டும். ரேடியோ லைசென்ஸ் தேர்வு முன்பு தொலைத்தொடர்புத் துறையிடம் இருந்தது, 2024இன் புதிய விமானச் சட்டத்துக்குப் பிறகு அதுவும் டிஜிசிஏவிடம் வந்துவிட்டது.

லாக்புக்கில் (பறந்த நேரத்தை எழுதும் நோட்டு) ஒரு பொறி இருக்கிறது, நிறையப் பேர் மாட்டுகிறார்கள். டிஜிசிஏவுக்கு மொத்தம் 200 மணிநேரம், அதில் 100 நீங்களே கமாண்டராகப் பறந்தது. அமெரிக்க விதிப்படி, முதல் லைசென்ஸ் வாங்கிய பிறகு பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தால் அதைக் கமாண்டர் நேரம் என்று எழுதிக்கொள்ளலாம். இங்கே அது செல்லாது. அங்கே 130 என்று நினைத்துக்கொண்டு வந்து, இங்கே 82 என்று கேட்டு அழுதவனை எனக்குத் தெரியும். அதேபோல 300 கடல் மைல் தொலைதூரப் பயணத்தில் இரண்டு விமான நிலையங்களில் இறங்கி முழுசாக நிற்க வேண்டும், சக்கரம் தரையைத் தொட்டதும் மறுபடி ஏறினால் கணக்கில் வராது. முதல் நாளிலிருந்தே இந்தியக் கணக்குக்கு ஒரு தனி நோட்டுப் போடுங்கள்.

பெயர் விஷயம். நம் ஊர்க்காரர்களுக்கே உள்ள தலைவலி. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. அப்படி இருந்தால் அமெரிக்க விசாவில் நம் பெயரைக் குடும்பப் பெயராகப் போட்டு, முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியாது) என்று அடித்துவிடுவார்கள். வரவேற்பில் இருந்த பெண் முதல் நாள் என்னை 'ஃபினூ' என்று கூப்பிட்டாள். பதினோரு மாதமும் நான் ஃபினூதான். சிரிப்பாக இருந்தது, இந்தியா வந்து நானும் ஃபினூவும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் பத்திரம் எழுதும்வரை. பத்தாவது, பன்னிரண்டாவது சான்றிதழ், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். டிஜிசிஏ கம்ப்யூட்டர் எண்ணுக்கு +2 சான்றிதழின் உண்மைத்தன்மைச் சான்றும் வேண்டும், அதற்கு எனக்குப் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகத்துக்கு மூன்று நடை ஆனது.

கடைசியாக, திரும்பி வந்த பிறகு. 2018 ஆகஸ்டில் இந்திய லைசென்ஸ் கையில். 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ் நின்றுபோனது, ஆயிரம் மணிநேரம் ஓட்டியவர்களே வேலை தேடினார்கள், 200 மணிநேரக்காரனை யார் கேட்பது? அடுத்த வருடம் கொரோனா. நான் பழைய கம்பெனிக்கே போய் அதே சிஎன்சி மெஷின் முன்னால் நின்றேன். மாதத் தவணை 20,700. வேலை கிடைத்தது 2022இல். அதனால் உங்கள் திட்டத்தில் இரண்டு வருடத் தவணையைத் தனியாக எடுத்து வையுங்கள். அதைச் சேர்த்த பிறகுதான் 'இவ்வளவு ஆகும்' என்று சொல்ல வேண்டும். பெரிய விமானத்துக்கான டைப் ரேட்டிங் (அந்த ரகத்தை ஓட்டும் தனித் தகுதி) வேறு இருக்கிறது, அது இன்னும் பல லட்சம்.

முன்பணம் பற்றி ஒரே வரி: பதினைந்து நாளில் முடிவெடு என்பவரிடம் எதையும் வாங்காதீர்கள், விமானிப் படிப்பாக இருந்தாலும் சரி, மனையாக இருந்தாலும் சரி. பள்ளியிடம் நேராகப் பேசி, தவணை தவணையாகக் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டிய பிறகு பள்ளி மூடி, 9,000 டாலரை விட்டுவிட்டு வந்தவன் என் தோழன்.

ஓய்வில் மேனேஜர்:

முப்பத்திரண்டு வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். வீட்டை விற்க வேண்டாம் தம்பி, ஈடாக வையுங்கள். விற்றது திரும்ப வராது.

இவ்வளவு பெரிய தொகைக்குச் சொத்து ஈடு இல்லாமல் பொதுத்துறை வங்கியில் கல்விக்கடன் கிடைப்பது கஷ்டம். அசல் பத்திரம், மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வீட்டு வரி ரசீது, கட்டட அனுமதி எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போடுங்கள். சாத்தூர் மாதிரி ஊரில் பழைய வீடு என்றால் தாத்தா பெயரிலேயே பட்டா நிற்கும், அதை மாற்றவே மாதக்கணக்கு ஆகும். அப்பாவை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். நிலம் இருக்கிறது என்று விவசாய நிலத்தைக் கொண்டுவந்தால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவோம்.

வரி விஷயம். வெளிநாட்டுக்குக் கல்விக்கடனில் அனுப்பும் பணத்துக்கு டிசிஎஸ் (அனுப்பும்போதே வங்கி முன்கூட்டி வாங்கும் வரி) பிடிப்பதில்லை. சொந்தப் பணமாக அனுப்பினால் 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் வரை பிடித்தம் கிடையாது, அதற்கு மேல்தான். மார்ச்சில் ஒரு தவணை, ஏப்ரலில் ஒரு தவணை என்று பிரித்து அனுப்புகிறவர்கள் உண்டு. பிடித்தாலும் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். கடனுக்குக் கட்டும் வட்டிக்கு வருமான வரிக் கழிவு பழைய வரிமுறையில் மட்டும்.

முத்துநகர்:

தென்னாப்பிரிக்கா பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். 2018இல் ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஜெர்மிஸ்டனில் இருக்கும் ராண்ட் விமான நிலையத்தில் பயின்றேன். அப்போது ஒரு ராண்ட் ஏறக்குறைய ஐந்து ரூபாய். அமெரிக்காவைவிட மலிவுதான், ஆனால் அங்கே லைசென்ஸ் தேர்வுத் தாள்கள் தனியாக எழுத வேண்டும், அந்த வாரங்களுக்கும் அறை வாடகை உண்டு. அண்ணன் சொன்ன பறக்காத நாள் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஓடுதளம் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 5,500 அடி. தூத்துக்குடிக்காரிக்கு உயரம் என்றால் துறைமுகக் கலங்கரை விளக்கம்தான். காற்று மெலிசு, கோடை மதியத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து டேங்க்கை நிரப்பினால் விமானம் எழும்ப யோசிக்கும். குளிர்காலம் ஜூன், ஜூலை. வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், பறக்க அதுதான் நல்ல பருவம். ஆனால் காலையில் இறக்கை முழுக்க உப்பளத்தில் படிந்த மாதிரி வெள்ளையாக உறைபனி. நான் முதல் நாள் உண்மையிலேயே விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். அது முழுவதும் போகும்வரை ஏறக் கூடாது. வெயிலுக்கு இறக்கையைத் திருப்பி வைத்துவிட்டுக் காத்திருப்போம். நவம்பருக்கு மேல் மதியம் ஆனால் இடி மின்னல், காலை நேரத்துக்கு எல்லோரும் அடித்துக்கொள்வார்கள். ஆகவே ஏப்ரல், மே வாக்கில் போய் இறங்குவது மாதிரித் திட்டமிடுங்கள்.

அம்பத்தூர் அண்ணனோடு ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எல்லாத் தாளையும் முன்பே எழுத வேண்டியதில்லை. வழிநடத்தல் எனக்கு இங்கே மூன்று மாதம் படித்தும் ஏறவில்லை. மேலே போய் காற்று என்னைப் பக்கவாட்டில் தள்ளியபோதுதான் அந்த முக்கோணக் கணக்கு எதற்கு என்று புரிந்தது. சட்டமும் வானிலையும் முடித்துவிட்டுப் போனால் போதும் என்பேன். ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன்: திரும்பி வந்து வழிநடத்தல் முடிக்க எனக்கு ஏழு மாதம் ஆனது, அந்த ஆறு மாதக் கெடு என்னையும் கடித்தது. மறுபடி பறந்து காட்ட மூன்றரை லட்சம்.

பெண் பிள்ளைகள் யாராவது படித்துக்கொண்டிருந்தால்: அங்கே இரவில் தனியாக வெளியே போகாமல் இருக்க டாக்சிக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள். அப்பாவிடம் அதைச் செலவு என்று சொல்லாமல் கட்டணம் என்று சொல்லுங்கள்.

ஓசூர்ப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. பேசி முடித்த கையோடு ஏஜென்டிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உடனே மூன்றரை லட்சம் கட்டினால் போதும் என்றார்!

பத்தாவது சான்றிதழில் என் பெயரும் இனிஷியலும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து, அதிலும் ஒரு எழுத்து கூடுதல். ஆக நானும் ஃபினூ ஆகாமல் இருக்க வேலை இருக்கிறது. பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான், மேனேஜர் ஐயா வீட்டுக்கு வந்து பார்த்த மாதிரி சொல்லியிருக்கிறார்.

கிளாஸ் 2-க்கு அடுத்த சனிக்கிழமை நேரம் வாங்கியிருக்கிறேன். சரி, ஒரு சந்தேகம் மட்டும். அம்பத்தூர் அண்ணா, கையில் எவ்வளவு வந்த பிறகு நீங்களாக இருந்தால் கிளம்புவீர்கள்?

அம்பத்தூர்172:

பள்ளிக் கட்டணத்துக்குக் கடன் உறுதியாக வேண்டும். அது தவிர ஒரு வருடச் சாப்பாடு, வாடகை, இந்தியாவில் லைசென்ஸ் மாற்றும் செலவு, இரண்டு வருடத் தவணை, இந்த மூன்றும் சொந்தப் பணமாக இருந்தால் கிளம்புவேன். உங்கள் சம்பளத்துக்கு இன்னும் மூன்று வருடம். 29 வயது. நான் 27இல் போய் 32இல்தான் வேலைக்குச் சேர்ந்தேன், ஒன்றும் கெட்டுப்போகவில்லை. சீட்டைத் தள்ளி எடுக்காதீர்கள், முடியும்வரை விடுங்கள்.

ஃப்ளெக்ஸ் அடிக்கும்போது மேட் தாளில் அடிக்கச் சொல்லுங்கள். என்னுடையது பளபளவென்று இருந்து, ட்யூப்லைட் வெளிச்சத்தில் உயரமானி மட்டும் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியாது.

ஓசூர்ப் பையன்:

அறையில் சுவரில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விட மாட்டார் அண்ணா. கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறேன்.